பதினாறாவது விநாடி

மூன்று இலட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர்
பின்தொடரும் பெண்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான்
என் மாடிப்படி ஏறினாள்.
கீழே ஹார்ட்வெயார் கடைக்காரர்
அப்போதுதான் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்.

பெயர் பிரிசில்டா. கொட்டாஞ்சேனை.
கூட ஒரு தம்பி, ஒரு ரிங் லைட்,
ஒரு பை நிறைய மாற்றுடுப்பு.
பாட்டுக்கு எதற்கு உடுப்பு என்றேன்.
"பாட்டுக்கு இல்ல அண்ணா.
பாட்டு எடுக்கிறத எடுக்கிறதுக்கு."

சொல்ல மறந்துவிட்டேன்.
என் ஸ்டூடியோ வெள்ளவத்தையில்,
ஒழுங்கை முடிந்து கடல் தொடங்குமுன் கடைசி வளவு.
சுவரெல்லாம் முட்டை மட்டை, கதவில் பழைய மெத்தை,
மைக்குக்குப் பக்கத்தில் ரயில் நேர அட்டவணை.
அளுத்கமைக்குப் போவது, மாத்தறையிலிருந்து வருவது,
ஒவ்வொன்றுக்கும் வாயைப் பொத்திக் காத்திருப்போம்
பெரிய மனிதரின் சவ ஊர்வலம் கடப்பதுபோல.

ஏசியை நிறுத்தினேன். அது இரையும்.
அவள் முகப்பூச்சு கழுத்துக்கு இறங்கத் தொடங்கியது.
பல்லவி சுத்தம்.
சுருதி நான் பயந்த அளவுக்கு இல்லை.
பதினைந்தாவது விநாடியில் நின்றாள்,
நிமிர்ந்தாள்,
யாருமில்லாத கண்ணாடியைப் பார்த்து
இடது புருவத்தை உயர்த்திச் சிரித்தாள்.

"ஏன் நிப்பாட்டினீர்?"
"முடிஞ்சிதானே."
"பாட்டு மூண்டு நிமிசம், பிள்ளை."
நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டாம் தடவையும் அப்படித்தான்.
ஏழாம் தடவையும்.
இருட்டில், இருக்கிறதென்று நினைத்துக் கால் வைத்த
இல்லாத கடைசிப் படிபோல
பதினாறாவது விநாடி அவளை விழுத்தியது.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்:
துண்டு துண்டாக எடுத்து ஒட்டலாம். பன்னிரண்டு துண்டு.
எத்தனை பேருக்கு ஒட்டியிருக்கிறேன்,
சொந்தக் கலியாண வீடியோவுக்குப் பாடிய மாப்பிள்ளைமாருக்கு,
தேர்தலில் நின்று தோற்ற ஒருவருக்கு.

நாலு பதினேழு.
கையைத் தூக்கினேன். ரயில்.
தம்பி போனைக் கவிழ்த்து வைத்தான், சார்ஜ் இல்லை.
அவள் சுவரில் சாய்ந்து
முட்டை மட்டைக் குழிகளை விரலால் தடவியபடி
தனக்குள் சரணத்தைத் தொடங்கினாள்.
ஜன்னல் கம்பி அதிர்ந்தது.
இரைச்சலுக்கு மேலே ஏறவேண்டிக்
குரல் தானாகத் தடித்தது,
ஒரு சொல்லில் கீறியது,
கீறலையும் இழுத்துக்கொண்டு பல்லவிக்குப் போய்
மறுபடி சரணத்துக்குத் திரும்பியது.
ரயில் தெஹிவளையைத் தொட்டிருக்கும்.
அவள் இன்னும் நிற்கவில்லை.

நான் மைக்கை மூடியிருக்கவில்லை.

போட்டுக் காட்டினேன்.
ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக் கேட்டாள்.
என்னிடம் ஒரு சிறு பிரசங்கம் தயாராயிருந்தது,
இதுதான் பிள்ளை உம்முடைய உண்மையான குரல், இத்தியாதி.
அதற்குள் அவள் சொன்னாள்:

"ரயில அழிச்சிராதீங்க அண்ணா.
நம்மள பாக்கிற ஆக்கள்ல பாதிப் பேரு
அதுலதான் வேலைக்குப் போறாங்க.
அந்த ஹோர்ன் இருக்கே, அது பத்தாவது செக்கன்ல விழணும்.
அவ்வளவ மட்டும் முதல்ல வெட்டித் தாங்க.
முழுசு வெள்ளிக்கிழம விடுவோம்.
தேடிக்கிட்டு வருவாங்க."

பன்னிரண்டு வருடம்
அந்த ரயிலோடு சண்டை பிடித்தவன் நான்.

காசில் பாதி தந்தாள், வியர்வையில் நனைந்த தாள்களாக.
மீதி, முகக்கிறீம் கொம்பனி கொடுத்த பிறகு.
ரசீது கேட்டாள்.
பெயருக்குப் பக்கத்தில் பாடகி என்று போடச் சொன்னாள்.
வந்ததிலிருந்து எல்லாவற்றையும் படம் எடுத்தவள்
அதை எடுக்கவில்லை.
நாலாய் மடித்துப் போன் உறைக்குள் வைத்தாள்.

பிறகு ஒழுங்கையில்
முச்சக்கரவண்டிக்காரனோடு சிங்களத்தில் பேரம் பேசுவது கேட்டது.
ஒரே மூச்சில்.
ஒரு நிமிடத்துக்கு மேலே.